பத்து தடவ ரெஃப்ரெஷ் அடிக்கிற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, மொதல்ல ஒன்னைய மெச்சிக்கிடுதேன். காலையில கம்ப்யூட்டரைப் போட்ட ஒடனே நீ செய்யுத பூசையைப் பாத்தா எனக்கே கை கூப்பத் தோணுது. வெறும் திரையில மவுஸை வச்சு வலது பக்கம் ஒரு தட்டு, ரெஃப்ரெஷ். மறுபடி ஒரு தட்டு, ரெஃப்ரெஷ். அதுவும் பத்தாதுன்னு எஃப்5 கீயைப் படபடன்னு ஒரு அடி. கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாயிருச்சுன்னு ஒரு நினைப்பு, மொகத்துல ஒரு நிம்மதி. நீ மட்டும்னு சொல்ல முடியாது. பேங்க்ல, இ-சேவை மையத்துல, ஜெராக்ஸ் கடையில, எங்க போனாலும் இதே பூசைதான். தட்டுல காசு போடாததுதான் பாக்கி.

அந்த ரெஃப்ரெஷ் என்ன செய்யுதுன்னு தெரியுமாலே? திரையில கெடக்குத ஐகான் எல்லாத்தையும் இன்னொரு தடவ வரைஞ்சு காட்டுது. அம்புட்டுதான். மெமரியைக் கழுவாது, வேகத்தைக் கூட்டாது. நீ பத்து தடவ அடிச்சா, அது பத்து தடவ அதே படத்தை வரையும். ஒரு வேலையும் நடக்காம ரெண்டு பேரும் மும்முரமா இருக்கீங்க. இதுக்குச் சம்பளமும் குடுக்கான் பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

கூட்டுறவு சங்கத்துல பேரேடு எழுதின கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ சிரிக்கலாம். சிரி. பேரேட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வச்சப்போ, சங்கத்து எளவட்டங்க எல்லாம் அதுல சீட்டு வெளையாடிக்கிட்டு இருந்தானுங்க. அந்தச் சீட்டாட்டம் 1990-ல விண்டோஸ் 3.0 கூட வந்தது. மவுஸைப் பிடிச்சு இழுத்துப் போடச் சனங்களைப் பழக்குததுக்கு அது தோதா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. எங்க ஆளுங்க அந்தப் பயிற்சியை ரிட்டையர் ஆகுத வரைக்கும் விடாமச் செஞ்சாங்க. நான் ஓரமா உக்காந்து ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்தேன். எனக்குச் சொல்லிக் குடுக்க வாத்தியாரும் கெடையாது. கேக்க வெக்கமும் கெடையாது.

சரி, ஒன் மந்திரத்துக்கு வருவோம். "சிஸ்டம் ஸ்லோ தாத்தா." ரிப்போர்ட் முடியலயா, சிஸ்டம் ஸ்லோ. மெயில் போகலயா, சிஸ்டம் ஸ்லோ. ஒங்க ஆச்சி கூப்பிட்ட சத்தம் காதுல விழலன்னாலும் சிஸ்டம் ஸ்லோ. அப்படின்னா குத்தவாளி யாருன்னு விசாரிச்சிருவோம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வந்து நிக்கும். எந்த ப்ரோக்ராம் எம்புட்டு மெமரி திங்குது, எது சிபியுவைப் போட்டு உருட்டுதுன்னு பேரோட எழுதி வச்சிருக்கும். பெரும்பாலும் பட்டியல்ல ப்ரவுசர்தான் மேல நிக்கும். நாப்பது டேப் தொறந்து வச்சிருக்கே. அதுல முப்பத்தஞ்சு டேப்பை நீ போன வாரத்துக்குப் பொறவு எட்டிக்கூடப் பாக்கல. இதுல கம்ப்யூட்டர் என்னலே குத்தம் பண்ணிச்சு?

அதே டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு பக்கம். அதுல சிபியுவைத் தொட்டா, கீழ 'அப் டைம்'னு ஒரு கணக்கு ஓடும். கம்ப்யூட்டர் முழுசா எந்திரிச்சு எத்தன நாளாச்சுங்குத கணக்கு அது. நீ தெனமும் ராத்திரி ஷட்டவுன் பண்ணுதேன்னு சத்தியம் பண்ணுவே. அங்க பாத்தா பதினஞ்சு நாள்னு நிக்கும். நீயும் பொய் சொல்லல, அதுவும் பொய் சொல்லல. 2012-ல விண்டோஸ் 8 வந்தப்போ 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒரு ஏற்பாட்டைக் கொண்டாந்தாங்க. ஷட்டவுன் குடுத்தா ஒன் ப்ரோக்ராம் எல்லாம் மூடும். ஆனா விண்டோஸோட அடிமடிச் சங்கதியை அப்படியே டிஸ்க்குல எழுதி வச்சுக்கிட்டு அணையும். மறுநாள் அதையே எடுத்து விரிச்சுக்கிட்டு வெரசா எந்திரிக்கும். அதனால உள்ள இருந்த கோளாறும் பத்திரமாத் திரும்பி வரும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டுப் புதுசா ஆரம்பிக்கும். அணைச்சுப் போட்டாத் தெளியும்னு நீ நம்புதே, ஆனா தெளியணும்னா ரீஸ்டார்ட்டு. வாரத்துக்கு ஒரு தடவ குடு, போதும்.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர் தொறந்த ஒடனே யாரும் கூப்பிடாமலே நாலஞ்சு ப்ரோக்ராம் வந்து உக்காந்துக்கிடும். டாஸ்க் மேனேஜர்லயே 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'னு பட்டியல் இருக்கு. காலையில எந்திரிச்ச ஒடனே ஒனக்கு வேண்டாத ஆளை எல்லாம் டிசேபிள் பண்ணு. அதனால அந்த ப்ரோக்ராம் அழிஞ்சு போகாது; நீ கூப்பிட்டா வரும், கூப்பிடலன்னா வராது. ஆன்டிவைரஸ் மேல மட்டும் கை வைக்காதே. இம்புட்டும் செஞ்சும் மெதுவாவே இருந்தா, உள்ள சுத்துத பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி மாட்டச் சொல்லு. ரெஃப்ரெஷால ஆகாத காரியம் அதுல ஆகும்.

ரீஸ்டார்ட் பத்திச் சொன்னேன்ல, கண்ட்ரோல் ஆல்ட் டெலிட்னு மூணு கீ சொல்லுவே, தெரியுமில்லா? அதை வச்சது டேவிட் பிராட்லின்னு ஒரு ஐபிஎம் இன்ஜினியர். 1981-ல வந்த மொத ஐபிஎம் பிசி செய்யுத காலத்துல, மிஷினை அணைச்சு அணைச்சுப் போடுத சள்ளை வேண்டாம்னு பண்ணினது. அந்தப் பிசிக்கு 20 வருசம் ஆனதைக் கொண்டாட 2001-ல ஒரு மேடை போட்டாங்க. அதே மேடையில பில் கேட்ஸும் இருக்காரு. பிராட்லி என்ன சொன்னாரு தெரியுமா? கண்டுபிடிச்சது வேணும்னா நானா இருக்கலாம், ஆனா அதைப் பிரபலப்படுத்தினது பில்லுதான்னுட்டாரு. விண்டோஸ் நின்னு நின்னு போனதைத்தான் அப்படிக் குத்தினாருன்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர்ப் பக்கம் பொறந்திருக்க வேண்டிய மனுசன்.

இனி ஒன் காப்பி-பேஸ்ட் வைபவம். எக்செல்லுல இருந்து வேர்டுக்கு விவரம் கொண்டு போறதைப் பின்னால நின்னு பாத்தேன். பேரைக் காப்பி பண்ணுதே, அங்க போறே, ஒட்டுதே, திரும்பி வாரே. அப்புறம் ஊரைக் காப்பி பண்ணுதே, போறே, ஒட்டுதே, வாரே. அப்புறம் போன் நம்பர். நீ நடந்த நடைக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையே முடிச்சிருக்கலாம், புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

கீபோர்டுல கீழ்வரிசையில நாலு கட்டம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கு பாரு. அதுதான் விண்டோஸ் பட்டன். 1994-ல மைக்ரோசாப்ட் தன்னோட கீபோர்டுல கொண்டாந்தது. ஒன்னைய விட வயசுல மூத்தது. கேம் வெளையாடும்போது தெரியாம விரல் பட்டு, ஆட்டம் மறைஞ்சு போச்சுன்னு திட்டுததுக்கு மட்டும்தான் நீ அதைத் தொட்டிருக்கே. இப்போ மரியாதையாத் தொடு. விண்டோஸ் பட்டனும் 'வி' எழுத்தும் சேத்து அமுக்கு. மொத தடவ 'ஆன் பண்ணட்டுமா'ன்னு கேக்கும். சரின்னு சொல்லு. அதுக்குப் பொறவு நீ காப்பி பண்ணினது எல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

முந்தியெல்லாம் கிளிப்போர்டுங்குதது ஒத்தை ஆள் உக்காருத திண்ணை. அடுத்தவன் வந்தா முன்னவன் எந்திரிச்சுப் போயிரணும். 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுல அந்த இடத்தை அகலப்படுத்திட்டான். இப்போ 25 சங்கதி வரைக்கும் நிக்கும். பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாத்தையும் ஒரே மூச்சுல காப்பி பண்ணிக்கிட்டு, அந்தப் பக்கம் போய் ஒவ்வொண்ணா எடுத்துப் போடு. தெனமும் எழுதுத முகவரி, மெயில்ல கடைசியா வைக்குத 'இப்படிக்கு' சமாச்சாரம், ஜிஎஸ்டி நம்பர், இதையெல்லாம் அங்கயே பின் பண்ணி வச்சுக்கோ. ரீஸ்டார்ட் பண்ணினா மத்ததெல்லாம் போயிரும். பின் பண்ணினது மட்டும் போகாது.

ஆனா ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டைக் காப்பி பண்ணினா அதுவும் அந்த வரிசையில பளிச்சுன்னு வந்து நிக்க வாய்ப்பு உண்டு. ஆபீஸ்ல நாலு பேரு தொடுத கம்ப்யூட்டர்ல, அடுத்தவன் விண்டோஸ் வி அமுக்கினா ஒன் ரகசியம் சந்தைக்கு வந்துரும். வேலை முடிஞ்ச ஒடனே 'கிளியர் ஆல்' குடுத்துட்டு எந்திரி.

இந்தக் காப்பி-பேஸ்டை ஒலகத்துக்குக் குடுத்த ஆளு லாரி டெஸ்லர். 1970-களோட நடுவுல, ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்துல, டிம் மாட்டுன்னு ஒருத்தரோட சேந்து 'ஜிப்சி'ன்னு ஒரு எழுத்து ப்ரோக்ராமுக்காகச் செஞ்சாரு. அவரு பொறவு ஆப்பிளுக்குப் போனாரு. 1983-ல வந்த ஆப்பிள் லிசாவுலதான் இசட், எக்ஸ், சி, வி நாலும் திருப்ப, வெட்ட, காப்பி பண்ண, ஒட்டன்னு நிலைச்சது. கீபோர்டைக் குனிஞ்சு பாரு. நாலும் கீழ்வரிசையில பக்கத்துப் பக்கத்துல, இடது கை விரலுக்கு எட்டுத தூரத்துல இருக்கு. வலது கை மவுஸை விட வேண்டாம். அம்புட்டு யோசிச்சு வச்சுட்டுத்தான் அந்த மனுசன் 2020 பிப்ரவரியில காலமானாரு. நீ என்னடான்னா மெனுவைத் தொறந்து, கீழ எறங்கி, 'காப்பி'ங்குத வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிச்சு அமுக்குதே.

கண்ட்ரோல் இசட் எழுதினதை மட்டும் திருப்பும்னு நினைச்சுக்கிடாதே. ஃபைலைத் தப்பான ஃபோல்டர்ல இழுத்துப் போட்டுட்டியா? பேரைத் தப்பா மாத்திட்டியா? அங்கயும் ஒடனே கண்ட்ரோல் இசட். வந்த வழியே திரும்பி வரும். கண்ணீர் விட்டு ஐடி ஆளுக்குப் போன் போடுத வேலை மிச்சம். ஆனா ஷிப்டும் டெலிட்டும் சேத்து அமுக்கி அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரா மேலோகம்தான். கோவத்துல இருக்கும்போது அந்த ரெண்டு கீ பக்கமே போகாதே.

அடுத்து ஒன் ஜன்னல் மாத்துத வித்தை. இந்த ப்ரோக்ராமைச் சின்னதாக்கி, அந்த ப்ரோக்ராமைப் பெருசாக்கி, மறுபடி இதைத் தேடி... நாள் பூரா கதவு தொறந்து மூடுத உத்தியோகம். விண்டோஸ் பட்டனோட இடது அம்புக்குறி அமுக்கு. ஜன்னல் இடது பாதியில போய் ஒட்டிக்கிடும். இன்னொண்ணை வலது அம்புக்குறி போட்டு வலது பாதியில நிறுத்து. ரெண்டும் கண்ணு முன்னால. 2009-ல விண்டோஸ் 7 வந்ததுல இருந்து இருக்குத வசதி இது. ஒங்க ஆபீஸ்ல இன்னும் யாருக்கும் தகவல் வந்து சேரல போல. விண்டோஸ் 11 வச்சிருந்தேன்னா, விண்டோஸ் பட்டனும் இசட்டும் அமுக்கு. மூணாப் பிரிக்கவா, நாலாப் பிரிக்கவான்னு படம் போட்டுக் கேக்கும். பாகப்பிரிவினை இம்புட்டுச் சுளுவா நடந்து நம்ம குடும்பத்துல பாத்திருக்கியா?

கீழ டாஸ்க்பார்ல வரிசையா ப்ரோக்ராம் நிக்குதில்லா? மொத ஆளுக்கு விண்டோஸ் பட்டனும் 1-ம். ரெண்டாவது ஆளுக்கு 2. அடிக்கடி போறது எதுவோ அதை மொத எடத்துல பின் பண்ணி வை. ஏதாவது ப்ரோக்ராம் வேணும்னா டெஸ்க்டாப் பூரா கண்ணை ஓட்டித் தேடாதே. விண்டோஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிட்டு, பேர்ல மொத மூணு நாலு எழுத்தை அடி, என்டர் குடு. கால்குலேட்டர் வேணும்னு நீ மெனு மெனுவாப் போய்ச் சேருததுக்குள்ள, நான் விரலை மடக்கியே கூட்டி முடிச்சிருவேன்.

டெஸ்க்டாப்புன்னதும் ஞாபகம் வருது. ஒன் டெஸ்க்டாப்புல பின்னாடி ஒரு படம் வச்சிருக்கேன்னு சொன்னியே, என்ன படம்லே அது? ஃபைல் நெரிசல்ல ஒண்ணும் தெரியல. அந்த ஃபைல் பேரு இருக்கே, அது தனிப் புராணம். 'ரிப்போர்ட் ஃபைனல்', 'ரிப்போர்ட் ஃபைனல் புதுசு', 'ரிப்போர்ட் ஃபைனல் ஃபைனல்', 'ரிப்போர்ட் இதான் ஃபைனல்'. இதுல எது கடைசின்னு எழுதின ஒனக்கே தெரியல. ஒன் மேனேஜர் எதைத் தொறந்தாருன்னு அவருக்கும் தெரியாது. பேருக்கு முன்னால தேதியைப் போடு. வருசம் மொதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள்: 2025-03-14 ரிப்போர்ட். பேர் வரிசையில அடுக்கினாலே தேதி வரிசையில வந்து நிக்கும். நாளை மொதல்ல போட்டேன்னா, ஜனவரி 14-ம் மார்ச் 14-ம் ஒண்ணா உக்காந்துக்கிடும்.

பேர் மாத்துததுக்கு வலது தட்டு தட்டி மெனுவுக்குப் போகாதே. ஃபைலைத் தொட்டுட்டு எஃப்2. மாத்தினதும் டேப் கீயைத் தட்டினா, அடுத்த ஃபைலுக்குத் தானாப் போயிரும். கல்யாண போட்டோ இரநூறு கெடக்கா? மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அமுக்கி ஒரே ஒரு பேர் குடு. அதுவே 1, 2, 3-ன்னு நம்பர் போட்டுக்கிடும். நீ ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருந்தா, அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிள்ளை பொறந்து காது குத்தே வந்துரும்.

ஃபைல் பேர்ல ஒரு வெளையாட்டு சொல்லித் தாரேன். டீக்கடையில எவனாவது கம்ப்யூட்டர் புலின்னு மார் தட்டினா, ஒரு டீ பந்தயம் கட்டு. விண்டோஸ்ல புதுசா ஒரு ஃபோல்டர் தொறந்து, இங்கிலீஷ்ல சி, ஓ, என் மூணு எழுத்தை மட்டும் பேரா வைக்கச் சொல்லு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் திரும்புவான். விண்டோஸ் ஒத்துக்கிடாது. பழைய டாஸ் காலத்துல கீபோர்டும் திரையும் சேந்த கன்சோலுக்கு அந்த மூணெழுத்தைப் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்க. பிரிண்டருக்கு பி, ஆர், என். காலம் போச்சு, டாஸ் போச்சு, பட்டா மட்டும் போகல. இதனால ஒன் வேலை ஒண்ணும் வெரசா முடியாது. ஆனா டீ கெடைக்கும். அதையும் சம்பாத்தியக் கணக்குல சேத்துக்கோ.

பேராண்டி, இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. திரையில ஏதோ எரர் வந்துச்சுன்னு போனை எடுத்துத் திரையைப் போட்டோ பிடிச்சு, வாட்ஸ்அப்புல எனக்கு அனுப்பினியே. அதுல எரரைத் தவிர எல்லாம் தெளிவாத் தெரிஞ்சது. ஒன் மூக்கு, பின்னால டியூப்லைட்டு, கொடியில காயுத துண்டு. விண்டோஸ் பட்டன், ஷிப்ட், எஸ் மூணையும் அமுக்கு. திரை லேசா மங்கும். வேண்டிய எடத்தை மட்டும் மவுஸால ஒரு கட்டம் கட்டு. அம்புட்டுதான், காப்பி ஆயிருச்சு. மெயில்லயோ வாட்ஸ்அப் வெப்லயோ போய் கண்ட்ரோல் வி. முழுத் திரையும் ஃபைலாவே வேணும்னா விண்டோஸ் பட்டனும் பிரின்ட் ஸ்கிரீனும். பிக்சர்ஸ்ல 'ஸ்கிரீன்ஷாட்ஸ்'ங்குத ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கிடும். விண்டோஸ் 11-ல இருக்குத ஸ்னிப்பிங் டூல், படத்துல இருக்குத இங்கிலீஷ் எழுத்தைக்கூடப் பிரிச்சுக் காப்பி பண்ணிக் குடுக்கும். எரர் நம்பரை ஒரு எழுத்து விடாமத் தட்டச்சு பண்ணி, அதுல சைபரா 'ஓ'வான்னு குழம்ப வேண்டாம்.

எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுன்னு கம்ப்யூட்டர் பக்கம் வராதீங்கன்னு சொன்னே. விண்டோஸ் பட்டனும் கூட்டல் குறியும் அமுக்கிப் பாரு. பூதக்கண்ணாடி வந்துரும். நீ 'படிச்சுட்டேன், ஒப்புக்கொள்ளுதேன்'னு கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிக்குத அந்தப் பொடி எழுத்தை எல்லாம் நான் முழுசாப் படிக்கேன். போதும்னா விண்டோஸ் பட்டனும் எஸ்கேப்பும். ப்ரவுசர்லயும் வேர்டுலயும் கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே எழுத்து பெருசாகும். நீ மூக்கைத் திரையில ஒட்டிக்கிட்டுப் படிக்கே. எனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சாம்.

தமிழ்ல எழுதத் தனி ப்ரோக்ராம் வேணும், அது இல்லன்னுதானே 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கதைக்கூட இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்புதே? செட்டிங்ஸ்ல மொழிங்குத பக்கத்துக்குப் போய்த் தமிழைச் சேத்துக்கோ. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளயே இருக்கு. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல பேசி முடிவு பண்ணினது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. ரெண்டு கைக்கும் வேலை உண்டு. இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் மாத்த, விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸ் பாரும். ஒரு வாரம் தடுமாறும். ஒங்க ஆச்சிக்குத் தமிழ்ல நாலு வரி மெசேஜ் அனுப்பு. 'நல்லா இருக்கீங்களா'ன்னு நீ கேட்டதை 'நள்ள இருகின்கல'ன்னு எழுத்துக் கூட்டிப் படிக்குத வேதனை அவளுக்கு இல்லாமப் போவும்.

இப்போ கொஞ்சம் கிட்ட வா. இது சத்தம் போட்டுச் சொல்லுத விசயம் இல்ல. 2015-ல விண்டோஸ் 10 வந்தப்போ ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு மூணு டெஸ்க்டாப் வச்சுக்கிடலாம்னு வந்துச்சு. விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், டி. புது டெஸ்க்டாப் தொறந்துரும். அங்க இங்க போக, விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், அம்புக்குறி. ஒண்ணுல கணக்கு வழக்கு மட்டும் தொறந்து வை. இன்னொண்ணுல மெயில், அரட்டை எல்லாம் போடு. கணக்குப் பாக்கும்போது மெயில் கண்ணுல படாது, வேலை ஓடும். இதுதான் அதோட நியாயமான உபயோகம். மூணாவது டெஸ்க்டாப்புல கிரிக்கெட் ஸ்கோர் வச்சுக்கிட்டு, மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்ட ஒடனே அம்புக்குறி அமுக்குதவனும் இருக்கான். அதை நான் சொல்லித் தர மாட்டேன். கமென்ட்ரி சத்தம் மட்டும் டெஸ்க்டாப் மாத்தினாலும் நிக்காது. மொதல்ல அதை அமுக்கணும்கிறதையும் நான் சொல்லித் தர மாட்டேன்.

எந்திரிச்சு டீக்குப் போறப்போ விண்டோஸ் பட்டனும் எல்லும். கம்ப்யூட்டர் பூட்டிக்கிடும். தொறந்து போட்டுட்டுப் போனேன்னா, ஒன் பேர்ல ஆபீஸ் பூராத்துக்கும் 'இன்னைக்கு மத்தியானம் எல்லாருக்கும் என் செலவுல பிரியாணி'ன்னு மெயில் போயிரும். போன பொறவு 'நான் அனுப்பல'ன்னா எவன் நம்புவான்? அனுப்பினது ஒன் பேரு. சாப்பிட வாரவன் முப்பது பேரு. மறதி ஜாஸ்தின்னா, போனைப் ப்ளூடூத்ல இணைச்சு 'டைனமிக் லாக்'னு செட்டிங்ஸ்ல போட்டு வை. போனோட நீ தூரமாப் போன கொஞ்ச நேரத்துல அதுவே பூட்டிக்கிடும்.

மூலையில 'டிங்'குன்னு வந்து எட்டிப் பாக்குத நோட்டிஃபிகேஷனுக்கும் வழி இருக்கு. விண்டோஸ் 11-ல விண்டோஸ் பட்டனும் என்னும் அமுக்கினா, அங்க ஒரு மணி படம் இருக்கும். அதைத் தொட்டா 'தொந்தரவு பண்ணாதே'ன்னு ஆயிரும். கம்ப்யூட்டர் வாயை அடைச்சாச்சு. ஆனா மடியில போனை வச்சுக்கிட்டு நிமிசத்துக்கு ஒரு தரம் நீயே எடுத்து எட்டிப் பாத்தேன்னா, அதுக்கு எந்த மைக்ரோசாப்டும் பட்டன் வைக்கல.

இனிதான் முக்கியமான புத்திமதி. நல்லாக் கேட்டுக்கோ. இதையெல்லாம் கத்துக்கிட்டு, மூணு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு, ஓடிப்போய் மேனேஜர்கிட்ட 'சார், முடிச்சுட்டேன்'னு நிக்காதே. அவரு என்ன மாலையா போடுவாரு? பக்கத்து சீட்டுக்காரன் வேலையைத் தூக்கி ஒன் மேல போடுவாரு. கத்துக்கிட்டவனுக்குத் தண்டனையும், கத்துக்காதவனுக்கு ஓய்வும் ஆபீஸ்ல காலங்காலமா நடக்குத நியாயம். முடிச்சதை ஒரு தடவ ஒழுங்காச் சரிபாரு. நீ அனுப்புத கணக்குல எப்பவும் ரெண்டு தப்பு இருக்கு; மிச்சமான நேரம் மொதல்ல அதுக்குத்தான். அப்புறம் நேரத்துக்கு அனுப்பு. அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு வீட்டுக்கு வா. வேகம்கிறது சீக்கிரம் வீடு வந்து சேரத்தான். கூடக் கொஞ்சம் சுமக்க இல்ல.

இன்னொரு வியாதியும் ஒனக்கு வரும்னு எனக்குத் தெரியும். 'அம்பது விண்டோஸ் ரகசியங்கள்'னு ராத்திரி பூரா வீடியோ பாப்பே. பாத்து முடிச்சு, எல்லாம் தெரிஞ்சுக்கிட்ட திருப்தியோட தூங்குவே. காலையில எந்திரிச்சு, வெறும் திரையில வலது தட்டு தட்டி ரெஃப்ரெஷ் அடிப்பே. அந்த வழி வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு பட்டன் போதும். அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டு. அந்த வாரம் பூரா, அந்த வேலைக்கு மவுஸைத் தொடாதே. கை தானாப் பழகிட்டா, சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அடுத்ததை ஒட்டு. ஒன் வேலைக்கு ஒதவாததைக் கத்துக்கவே கத்துக்காதே. எல்லாம் தெரிஞ்சவன்னு பேர் வாங்கினா, தெரு முழுக்க பிரிண்டர் ரிப்பேருக்கு ஒன்னையத்தான் கூப்பிடுவான்.

வாசிக்குத பெரிய மனுசங்களே, ஓரமா நின்னு சிரிச்சது போதும். பேராண்டிக்குச் சொன்னது ஒங்களுக்கும் சேத்துத்தான். இந்த வாரம் விண்டோஸும் வி-யும் மட்டும் பழகுங்க. அடுத்த வாரம் எஃப்2. அதுக்கு அடுத்த வாரம் விண்டோஸ், ஷிப்ட், எஸ். ஒரு மாசம் கழிச்சும் 'சிஸ்டம் ஸ்லோ'ன்னு சொன்னீங்கன்னா நம்புதேன். அதுவரைக்கும், மெதுவா இருக்குதது யாருன்னு நான் வாயைத் தொறந்து சொல்ல மாட்டேன்.